டிரைவர் சைடு வால்

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டால் போதும். முழங்கை மட்டும் இதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது வால். இரண்டு பாதியாக இருக்கிறது. விமானத்தின் வால்.

கண்டக்டரும் உங்களை மாதிரித்தான் பார்த்தார். "என்னங்க பெரியவரே, ஜன்னல் கதவுங்களா?" என்றார். வால் என்றேன். "எதோட வாலுங்க?" என்றார். ஏரோபிளேன் என்றேன். அதற்கப்புறம் லக்கேஜ் டிக்கெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் போய்விட்டார்.

ஆள் ஏறுகிற விமானம் இல்லை. ரிமோட்டில் பறக்கிறது. அதற்காகப் பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பத்தடி. பெட்ரோல் எஞ்சின். கிளப்பினால் தென்னந்தோப்பில் மயில் எல்லாம் ஓடிப்போகும்.

நான் முகம் தெரியாதவர்களிடம் வாயே திறக்க மாட்டேன். கல்யாணத்துக்குப் போனால்கூடக் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்து, மொய் வைத்து, சாப்பிட்டு, வந்துவிடுவேன். நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். கேட்கவில்லையா? கண்ணால் கேட்டீர்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். பல்லடத்தில் ஒரு மில்லில் ஸ்டோர் பார்த்தேன். நட்டு, போல்ட்டு, வாஷர், பேரிங் எல்லாம் என் பொறுப்பு. எண்ணிக் கொடுப்பேன், எண்ணி வாங்குவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

விமானம் என்னுடையது இல்லை. என் சம்பந்தியுடையது. சென்னியப்பன் என்று பெயர். அவர் பெண்ணைத்தான் என் பையனுக்கு எடுத்திருக்கிறோம். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். சிங்கப்பூரில் இருக்கிற அவர் மகன் எஞ்சினும் ரிமோட்டும் அனுப்பிவிட்டான். உடம்பை அவரே மெல்லிய பலகையில் செய்தார். முதலில் வாலை உடம்போடு சேர்த்து ஒட்டிவைத்திருந்தார். பறக்கவிட மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டுமே. ஆம்னி வேனில் ஏற்றினால் பின்கதவு மூடவில்லை. வால் இடிக்கிறது.

பேரனைப் பார்க்கப் போயிருந்த நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவர் பக்கத்தில் போய், "வாலைக் கழட்டி மாட்டற மாதிரி வெச்சா என்னங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சம்மந்தி, இத்தனை நாளா எங்கீங்க இருந்தீங்க?" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் குண்டடத்தில் அவர் வீட்டில்.

ஏற்பாடு இதுதான். உடம்பின் பின்பக்கத்தில் குறுக்காக ஓர் அலுமினியக் குழாய். இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பக்கத்துக்கொரு பாதியாக வாலை, சட்டைக் கையில் கையை விடுவதுபோல மாட்ட வேண்டும். அப்புறம் அடியிலிருந்து பாதிக்கு இரண்டு ஸ்க்ரூ. மொத்தம் நான்கு. ஸ்க்ரூவுக்கு ஒரு ஸ்பிரிங் வாஷர். அதுவும் நான்கு. எஞ்சின் அதிர்வில் கழலாமல் இருப்பதற்காக நான் தேடி வாங்கிய வாஷர். நான்கும் நான்கும் எட்டு, ஒரு பல்பொடி டப்பாவில் போட்டு என் சட்டைப் பையில்தான் இருக்கும். அவரிடம் கொடுத்தால் எங்கே வைத்தோம் என்று தேடுவார். டிரைவர்களுக்கு ரோடு ஞாபகம் இருக்கும், சாமான் ஞாபகம் இருக்காது.

வால் இரண்டு பாதி ஆனதும் ஒரு பிரச்சினை வந்தது. யார் இறுக்குவது? கல்யாணத்தில் மண்டபம் அவர்கள், மேளம் நாங்கள், தாம்பூலப் பை அவர்கள், வீடியோ நாங்கள் என்று பேசிப் பிரித்துக்கொண்டோம் இல்லையா? அப்படித்தான் இதற்கும் அவர் ஒரு வழி சொன்னார்.

"ஏனுங் சம்மந்தி, டிரைவர் சைடு மாப்பிள்ளை வீட்டுது. கிளீனர் சைடு பொண்ணு வீட்டுது. அவங்கவங்க சைடை அவங்கவங்க இறுக்கிக்கலாமுங்களா?"

"நீங்கதானுங்க டிரைவரு. அந்தச் சைடை எனக்கு எதுக்குங்க?"

"அதனாலதானுங்க உங்களுக்குத் தர்றேன்."

மரியாதை தெரிந்த மனிதர். அதை நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன்.

டிரைவர் சைடு என்றால் வலது கைப் பக்கம். இந்த பஸ்ஸையே பாருங்கள், டிரைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? வலது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் வீட்டு ஷெட்டில் விமானம் ஸ்டாண்டில் நிற்கும். நான் வாலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வலது கைப் பக்கத்துப் பாதியை அடியிலிருந்து இறுக்குவேன். எழுந்து நகர்ந்துவிடுவேன். அவர் வந்து இடது பாதியை இறுக்குவார். "ஆச்சுங்களா?" என்பார். "ஆச்சுங்க" என்பேன். ஒருவர் இறுக்கியதை இன்னொருவர் தொட்டுப் பார்க்க மாட்டோம். அது எப்படி முடியும்? சம்பந்தி போட்ட ஸ்க்ரூவில் நான் மறுபடி இறுக்குகிற கீயை வைத்தால் என்ன அர்த்தம்? உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அப்புறம் அவர் பெண் கொடுத்து, நாங்கள் பெண் எடுத்ததில் என்ன இருக்கிறது?

விமானம் எத்தனையோ தடவை பறந்தது. ஒரு வாஷர்கூட விழுந்ததில்லை.

பேரனுக்குக் காதுகுத்து வைத்தோம். எங்கள் குலதெய்வம் கோயிலில், கிடாய் வெட்டு. கோயிலைச் சுற்றி அறுத்துப் போட்ட சோளக்காடு, ஒரு மரம் கிடையாது. சம்பந்தி அதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "குழந்தைக்குக் காது குத்தற நேரத்துல மேலிருந்து பூப் போடறமுங்க." விமானத்தின் வயிற்றில் ஒரு தகரக் கதவு வைத்து, ரிமோட்டில் பட்டனை அமுக்கினால் திறக்கிற மாதிரி செய்துவிட்டார். செவ்வந்தி உதிரிப்பூ இரண்டு படி. நான்தான் அளந்தேன்.

அன்றைக்கு அவருக்கு இடுப்புப் பிடிப்பு. குந்தி உட்கார முடியவில்லை. அதனால் ஸ்டாண்டு வேண்டாம் என்று, சமையல்காரர்கள் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் விமானத்தை மல்லாக்கப் படுக்க வைத்தோம். எவ்வளவு வசதி தெரியுமா. ஸ்க்ரூ நாலும் கண்ணுக்கு நேரே. இவ்வளவு நாளும் இது தோன்றவில்லையே என்று இருந்தது.

நான் டப்பாவைத் திறந்தேன். நான்கு ஸ்க்ரூ, நான்கு வாஷர். நாலையும் நாலு ஓட்டையில் வைத்து, விரலால் இரண்டு சுற்று சுற்றி நிறுத்தினேன். டப்பா காலி. எண்ணிக்கை சரி. அப்புறம் எப்போதும் போல வாலுக்குப் பின்னால் நின்று, என் வலது கைப் பக்கத்துப் பாதியை ஆலன் கீ போட்டு இறுக்கினேன். அதற்குள் என் வீட்டுக்காரி, "ஏனுங்க, தட்டம் எடுத்தார ஆளைக் காணோம், அங்கெ என்ன கட்டிலுக்குப் பிரசவம் பாக்கறீங்களா?" என்று கூப்பிட்டாள். போய்விட்டேன்.

திரும்பி வரும்போது சம்பந்தி அவர் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆச்சுங்களா?" என்றேன்.

"ஆச்சுங்க. உங்களுது?"

"அப்பவே ஆச்சுங்க."

"இன்னிக்கு என்னமோ ரொம்ப நல்லா ஏறுச்சுங்க சம்மந்தி. கால் சுத்துகூட இல்லீங்க, கல்லு மாதிரி நின்னுருச்சு."

"வாஷர் அப்படிங்க" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் அவருடைய பாதியை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. நான் என்னுடையதை முன்னாலேயே ஆட்டிப் பார்த்திருந்தேன். அதுவும் அசையவில்லை. அப்புறம் இரண்டு பேரும் பிடித்து விமானத்தைத் திருப்பி நிறுத்தினோம்.

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும். கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தானே சாமி உத்தரவு? அது துலுக்கவில்லை. தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள், அது அசைபோட்டுக்கொண்டே நிற்கிறது. பங்காளிகளில் ஒருவர், "சாமிக்கு ஏதோ குறை இருக்குதப்பா" என்று ஆரம்பித்துவிட்டார். இந்தப் பக்கம் பந்தலில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமன் மடியில் பேரனை உட்கார வைத்து, ஆசாரி கம்பியோடு காத்திருக்கிறார். குழந்தை காது கிழியக் கத்துகிறது.

சம்பந்தி விமானத்தைக் கிளப்பினார். ஒரு வட்டம். இரண்டாவது வட்டம். பந்தலுக்கு நேராக வரும்போது பட்டனை அமுக்கினார். கொஞ்சம் முந்திவிட்டது. இரண்டு படி பூவும் கிடாய் மேல் கொட்டியது. கிடாய் ஒரு துலுக்கு துலுக்கியது பாருங்கள், கொம்பிலிருந்து வால் வரைக்கும். குலவை போட்டார்கள். பூசாரி விமானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மூன்றாவது வட்டத்தில் வாலில் ஒரு பாதி கழன்றது.

சத்தமே இல்லை. அரச இலை மாதிரி சுழன்று சுழன்று இறங்கியது. நேராக வந்து பந்தல் துணிமேல் படுத்தது. குழந்தை அண்ணாந்து பார்த்தது. அழுகையை அப்படியே நிறுத்திவிட்டது. அந்த நொடியில் ஆசாரி குத்திவிட்டார். கெட்டிக்கார ஆசாரி. மறு காதுக்குத்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மறுபடி எறிவதற்கு வால் இல்லையே.

மேலே விமானம் பாதி வாலோடு போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்கிறது, மூக்கைத் தூக்குகிறது, மறுபடி குனிகிறது. சம்பந்தி பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டைப் பிடித்திருக்கிறார், மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைக் கொண்டுவருகிற மாதிரி. சோளத்தட்டை மேல் இறக்கிவிட்டார். சக்கரம் ஒடிந்தது. வேறு சேதம் இல்லை. எல்லாரும் ஓடிப்போய் அவர் தோளில் துண்டு போட்டார்கள். பாதி வாலோடு இறக்கினார், பாதி வாலோடு இறக்கினார் என்று ஒரே பேச்சு. அந்தப் பாதி வால் ஏன் கழலாமல் நின்றது, அதை இறுக்கியவன் யார் என்று ஒருவர் கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அப்புறம் சம்பந்தி விமானத்தின் அடியைக் குனிந்து பார்த்தார். சுற்றிலும் என் பங்காளிகள், அவர் பங்காளிகள். அப்போது அவர் சொன்னார்: "சம்மந்தி, மரை கழண்டுருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள்.

நான் நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். ஸ்க்ரூவின் மரை கழன்றுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 'சம்மந்தி' என்றாரா, 'சம்மந்திக்கு' என்றாரா? ஒரு 'க்கு'தான் வித்தியாசம். 'க்கு' இருந்தால் எனக்குப் பைத்தியம் என்று அர்த்தம். 'க்கு' இல்லாவிட்டால் எதற்காகச் சிரித்தார்கள்?

நான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "எந்தச் சைடுங்க விழுந்தது?"

"விடுங்க சம்மந்தி. யாருக்கும் நடக்கறதுதான்."

"இல்லீங்க, எந்தச் சைடு?"

"டிரைவர் சைடுங்க" என்றார், சாவுச் செய்தி சொல்கிற மாதிரி. "போகுதுங்க, எங்க தப்புன்னே வெச்சுக்கலாம்."

"உங்க தப்புன்னு நான் சொல்லவே இல்லீங்களே. எங்க தப்பாகவே இருக்கட்டும். ஆனா டிரைவர் சைடை நான் இந்தக் கையால இறுக்கியிருக்கறேனுங்க."

"நீங்க இறுக்கலைன்னு நான் சொல்லுவேனுங்களா? நானும் எங்க சைடை இறுக்கினேன். இதோ நிக்குதுங்களே."

நின்றுகொண்டிருந்த பாதியைப் பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூவும் தலை வழுக்குகிற அளவுக்கு இறுகியிருந்தன. அது நான் இறுக்கிய பாதி. எனக்குத் தெரியாதா? நான் கீ போட்ட தடம் தெரிகிறது. அவர் அதையே தான் இறுக்கினேன் என்கிறார். ஒரே பாதியை இரண்டு பேர் எப்படி இறுக்க முடியும்? பொய் சொல்கிற மனிதர் இல்லை. இடுப்பு வலியில் நினைவு தப்பியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் வாதாடினால் நன்றாக இருக்காது. நின்ற பாதியையும் கழற்றி, விழுந்த பாதியோடு சேர்த்து வேட்டியில் சுற்றி, "பழுது பாத்துக் கொண்டாறேனுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் நானும் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

என்ன சொல்கிறீர்கள்? மல்லாக்கப் போட்டால் பக்கம் மாறிவிடுமா?

நீங்களுமா. என் மருமகளும் இதையேதான் சொன்னாள். கிருத்திகா, இன்ஜினியரிங் படித்த பெண். சோற்றுக் கரண்டியை எல்லாம் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நான் ஒன்றுதான் கேட்டேன். "நீ மல்லாக்கப் படுத்தா உன் வலது கை இடது கை ஆயிருமா கண்ணு?"

"ஆகாதுங்க மாமா. அதேதானுங்க நானும் சொல்றேன். ஏரோபிளேனோட வலது மாறவே இல்லீங்க."

"மாறலைன்னு நீயே ஒத்துக்கிட்ட பாரு" என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். படித்த பிள்ளைகளுக்குப் பொறுமை போதாது.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின. வாலைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரி கூட்டும்போதெல்லாம், "ஆளும் போகமாட்டாரு, வாலையும் அனுப்பமாட்டாரு" என்று விளக்குமாற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் கிருத்திகா மூலமாக ஒரு செய்தி வந்தது. அவள் அப்பா வாலை உடம்போடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்று இருக்கிறாராம். 'சம்மந்திக்கு எதுக்குச் சிரமம்' என்றாராம். வேன் கதவு மூடாதே என்றேன். கயிறு போட்டுக் கட்டிக்கொள்வாராம்.

கயிறு. எனக்குப் பதிலாக ஒரு கயிறு.

உங்களிடம் சொல்வதற்கென்ன. ஒட்டிவிட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? சம்பந்தி வீட்டுக்குச் சும்மா போய் உட்கார முடியாது. போனால் பலகாரம், காப்பி, சௌக்கியமா, சௌக்கியம், எழுந்து வர வேண்டியதுதான். ஸ்க்ரூ இருந்ததால்தான் போனேன். பேசத் தெரியாத மனிதன் நான். அந்த ஷெட்டில் பேச வேண்டியதில்லை. ஆச்சுங்களா என்றால் ஆச்சுங்க என்று சொன்னால் போதும். நாள் முழுக்க அவ்வளவுதான் பேசுவோம். வேறு எங்கேயும் என்னை யாரும் எதுவும் ஆச்சா என்று கேட்பதில்லை.

நேற்று மருமகள் மறுபடி சொன்னாள். "அப்பா வாலை எடுத்துக்கிட்டு வரச் சொன்னாருங்க மாமா." எதற்கு, ஒட்டவா, மாட்டவா என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. பையன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். ஒட்டுவதாக இருந்தால் வாசலிலேயே கொடுத்துவிட்டு அடுத்த பஸ் ஏறிவிடலாம் இல்லையா.

ஆனால் நானும் சும்மா வரவில்லை. இனி யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று, சிவப்புப் பெயின்ட்டில் இரண்டு பாதியிலும் எழுதிவிட்டேன். வேட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். கழலாமல் நின்ற பாதியில் 'மா.வீ.' மாப்பிள்ளை வீடு. விழுந்த பாதியில் 'பெ.வீ.' எழுத்தைப் பார்த்து அவரவர் இறுக்க வேண்டியது. அவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, நியாயம் நியாயம்தான். வழுக்கின இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றிவிட்டேன். தொலைந்த இரண்டுக்கும் புதுசு. டப்பாவில் எட்டு இருக்கிறது. புறப்படும்போது எண்ணினேன், பஸ் ஸ்டாண்டில் எண்ணினேன்.

குண்டடம் வந்துவிட்டதா? அடேயப்பா, பேசினதில் தெரியவில்லை. வழக்கமாக எனக்குப் பேச்சு வராது.

அங்கே பாருங்கள், ஸ்டாப்பில் நிற்கிறாரே, வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. அவர்தான். பஸ் ஸ்டாப்புக்கு அவர் வந்ததே இல்லை. கையில் என்ன வைத்திருக்கிறார்? எனக்குக் கண் அவ்வளவு எட்டாது. பசை டப்பாவா? ஒன்றும் இல்லையா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். வெறுங்கையா?

சரி, ஓர் உதவி. கூட்டத்தில் இதை இடிக்காமல் இறக்க முடியாது. நான் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் ஜன்னல் வழியாக ஒவ்வொரு பாதியாகக் கொடுங்கள். என் கையில் கொடுங்கள், அவர் கையில் வேண்டாம். கண்டக்டர், ஒரு நிமிஷம் விசில் அடிக்காதீங்க சாமி, வாலு இறங்கணும்.

இதோ, கீழே வந்துவிட்டேன். கொடுங்கள். மெதுவாக. அவருக்குத்தான் கை முந்துகிறது. சரி, பரவாயில்லை, அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கேட்டீர்களா? இப்போது அவர் கேட்டது உங்கள் காதில் விழுந்ததா? "ஏனுங் சம்மந்தி, இது எந்தச் சைடுங்க?" என்கிறார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனிதர். பாவம், அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கிளம்புங்கள்.